இருமல் இல்லாமல் வரும் நிமோனியா: படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு

நிமோனியா என்றதும் கொளுத்தும் காய்ச்சலும் குலுக்கும் இருமலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நாற்பது வயதுக்காரருக்கு பெரும்பாலும் அப்படித்தான் வரும். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவருக்கும், மறதிநோய் முற்றியவருக்கும், பார்க்கின்சன் நோயில் உடம்பு இறுகிப்போனவருக்கும் அது வேறு முகத்தோடு வருகிறது. முதல் நாள் சாப்பாடு பாதியில் நின்றுவிடும். மறுநாள் பகலெல்லாம் தூக்கம்; கூப்பிட்டால் ‘ம்’ என்பார், கண் திறக்க மாட்டார். “வயசாயிடுச்சு, அசதியா இருக்காரு” என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். மூன்றாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போகும். அந்த இரண்டு நாளை எப்படி மீட்பது, அதற்கும் முன்னால் வாயிலும் கரண்டியிலும் கட்டிலிலும் என்ன செய்யலாம் என்பதைப் பராமரிப்பு வேலையில் இருக்கும் நாங்கள் இங்கே எழுதுகிறோம்.

தூங்கும்போது கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழலுக்குள் இறங்குவது நல்ல உடம்புக்காரருக்கும் நடக்கிறது. அவருக்கு இருமல் வரும், சளி மேலே ஏறும், நுரையீரலின் காவல் செல்கள் மிச்சத்தைத் தின்றுவிடும். மூளை பாதிக்கப்பட்டவருக்கு அந்த இருமலே வருவதில்லை. 1994இல் ஜப்பானில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். முதியவர்களின் வாயில் கதிரியக்க இண்டியம் வைத்து இரவு தூங்கவிட்டு, காலையில் நுரையீரலைப் படம் பிடித்தார்கள். நிமோனியா வந்திருந்த 14 பேரில் 10 பேருக்கு எச்சில் நுரையீரலுக்குள் போயிருந்தது. நிமோனியா வராத 10 பேரில் ஒருவருக்குத்தான் போயிருந்தது. போன எவருக்கும் அது தெரியவும் இல்லை. ‘சாப்பிடும்போது புரையேறவே இல்லையே, எப்படி நிமோனியா வந்தது?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். புரையேறி இருமினால் அவருடைய காவல் இன்னும் வேலை செய்கிறது. சத்தமில்லாமல் உள்ளே போவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

நம் ஊரில் புரையேறினால் ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று உச்சந்தலையில் தட்டுவோம். பாசத்தோடு செய்வதுதான். ஆனால் தட்டும்போது தலை நிமிர்கிறது, உடனே தண்ணீரும் கொடுக்கிறோம். இரண்டுமே உள்ளே போனதை இன்னும் கீழே தள்ளும். அவரை முன்பக்கமாகக் குனியவைத்து, இருமி முடிக்கும்வரை விட்டுவிடுங்கள். இருமல் நின்று குரல் தெளிந்த பிறகுதான் அடுத்த வாய். குரல் நீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ‘களகள’ என்று இருந்தால் குரல்வளையின் மேல் ஏதோ தங்கியிருக்கிறது; அந்த வேளைச் சாப்பாட்டை அத்தோடு நிறுத்திவிடலாம்.

வாய்தான் முதல் வேலை

எச்சில் இறங்குவதை முழுதாக நிறுத்த முடியாது. இறங்கும் எச்சிலில் எத்தனை கிருமி இருக்கிறது என்பதை மாற்ற முடியும். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரான முதியவர்கள் 189 பேரைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. விழுங்குவதில் சிக்கல் இருப்பது மட்டும் நிமோனியாவைக் கொண்டுவருவதில்லை. சாப்பிடவும் பல் துலக்கவும் அடுத்தவர் கையை நம்பியிருப்பதும், சொத்தைப் பற்களின் எண்ணிக்கையும்தான் அதைவிட வலுவான அறிகுறிகள் என்று அதில் தெரியவந்தது. அடுத்த ஆண்டு ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்த சோதனையின் முடிவு வந்தது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 5 நிமிடம் பணியாளர்களே பல் துலக்கிவிட்டார்கள், வாரம் ஒருமுறை பல் மருத்துவரோ பல் சுகாதாரப் பணியாளரோ வந்து பல்லில் படிந்த காரையை எடுத்தார். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிரிவில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 19 சதவீதம்.

எல்லா ஆய்வும் இப்படி ஒத்துப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 36 முதியோர் இல்லங்களில் 834 பேரிடம் பல் துலக்குதல், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவம், நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுதல் மூன்றையும் சேர்த்துச் செய்தும் நிமோனியா குறையவில்லை. ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். எங்கள் கணிப்பு: வாரந்தோறும் பல் காரையை எடுத்ததும், ஒவ்வொரு வேளைக்கும் 5 நிமிடம் கொடுத்ததும்தான் ஜப்பானில் வித்தியாசத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும். குளோர்ஹெக்சிடினைப் பொறுத்தவரை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதனால் இறப்பு கூடுகிறதோ என்ற சந்தேகம் எழுந்து, இப்போதைய வழிகாட்டுதல்கள் அங்கே அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. பிரஷ் மட்டும் தப்பித்து நிற்கிறது. மருத்துவமனை நோயாளிகளிடம் பல் துலக்கிப் பார்த்த 15 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து 2023 இறுதியில் வந்த கணக்கில், மருத்துவமனையில் தொற்றும் நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நாளுக்கு இரண்டு முறை துலக்கினாலே போதும், மூன்றாவது முறையால் கூடுதல் பலன் தெரியவில்லை.

செய்யும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். மல்லாந்து படுத்திருப்பவரின் வாயில் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொன்னால், வாயில் இருந்த கிருமியை நாமே தொண்டைக்குள் கழுவி விடுகிறோம். முதலில் அவரை நிமிர்த்தி உட்காரவையுங்கள். முடியாதென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்தின் கீழ் துண்டும் ஒரு சின்னக் கிண்ணமும் வையுங்கள். உதட்டையும் நாக்கையும் ஈர காஸ் துணியால் ஒற்றி 5 நிமிடம் ஊறவிட வேண்டும். வாய் திறந்தே தூங்குபவர்களுக்கு அண்ணத்தில் காய்ந்த சளி ஓடுபோல் ஒட்டியிருக்கும். ஊறாமல் சுரண்டினால் ரத்தம் வரும், பெயர்ந்த துண்டு தொண்டையில் விழும். பிறகு குழந்தைகளுக்கான மென்மையான பிரஷை நீரில் நனைத்து உதறிக்கொள்ளுங்கள். பேஸ்ட் பட்டாணி அளவுக்கும் குறைவாக, அல்லது இல்லாமலே. நுரை அதிகம் வரும் பேஸ்ட் வேண்டாம். ஈறும் பல்லும் சேரும் இடத்தில், ஒவ்வொரு பல்லாக, சிறு சிறு அசைவாகத் தேயுங்கள். இரண்டு மூன்று பல்லுக்கு ஒருமுறை பிரஷைத் தண்ணீரில் அலசி உதற வேண்டும். சுரந்த எச்சிலை அவ்வப்போது காஸ் துணியால் துடைத்தெடுங்கள். வீட்டில் சக்‌ஷன் மெஷின் இருந்தால் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் மட்டும் வைத்து இழுக்கலாம். நாக்கை உள்ளிருந்து வெளியே மட்டும் வழிக்க வேண்டும், எவர்சில்வர் நாக்கு வழிப்பானைத் தொடவே வேண்டாம். வாயைக் கடித்து மூடிக்கொள்பவரிடம் விரலை நுழைக்காதீர்கள். இன்னொரு பிரஷின் கைப்பிடியில் துணி சுற்றிக் கடைவாயில் வைத்துக்கொண்டால் போதும்.

பல்செட் இருந்தால் இரவில் கட்டாயம் கழற்ற வேண்டும். டோக்கியோவில் 85 வயதைத் தாண்டிய 524 பேரைக் கவனித்த ஆய்வில், பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. கழற்றியதை பிரஷால் தேய்த்து நீரில் போட்டு வையுங்கள்.

மூக்கில் டியூப் போட்டுவிட்டதும் ‘வாயால் ஒன்றும் சாப்பிடுவதில்லையே’ என்று வாயைச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடுகிறார்கள். நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு இது. மெல்லாத வாயில் எச்சில் ஓட்டம் குறைந்துவிடும், நாக்கும் அண்ணமும் தானாகத் துடைக்கப்படுவதும் நின்றுவிடும். சாப்பிடுபவரின் வாயைவிட டியூப் போட்டவரின் வாய்தான் அதிகம் அழுக்கடையும்.

கரண்டியும் கெட்டித்தன்மையும்

தண்ணீர்தான் விழுங்கக் கடினமான பொருள். வேகமாக ஓடும், தொண்டை மூடுவதற்குள் முந்திக்கொள்ளும். நம் பழக்கத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது: உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பது. கழுத்து பின்னால் போகும்போது மூச்சுப்பாதை திறந்துகொள்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு அண்ணாந்து ஊற்றுவதையும், மூக்குள்ள சிப்பர் கப்பையும் அடியோடு விட வேண்டும். சிப்பரைக் காலி செய்யவும் தலையைப் பின்னால் சாய்த்தே ஆக வேண்டும்.

மூடியின் மேல் கொஞ்சம் கஞ்சியை ஊற்றிப் பார்த்துக் கெட்டி என்று முடிவு செய்வதைவிட, ஒரு 10 மி.லி. சிரிஞ்ச் நல்ல அளவுகோல். ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற உலக அளவுமுறை சொல்லும் சோதனை இது. 0 முதல் 10 வரையுள்ள கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. இருக்கும் சிரிஞ்சை எடுத்து, முனையை விரலால் மூடி 10 மி.லி. நிரப்புங்கள். விரலை எடுத்து 10 விநாடி ஓடவிட்டு மீண்டும் மூடுங்கள். 1 மி.லி.க்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர்தான். 1 முதல் 4 மி.லி. மிஞ்சினால் முதல் நிலை, 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை, 8க்கு மேல் மிஞ்சினால் மூன்றாம் நிலை. எந்த நிலை வேண்டும் என்பதை விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் சொல்ல வேண்டும். சூடாக இருக்கும்போது சோதித்த ராகிக் கூழ் ஆறினால் இன்னும் இறுகும் என்பதால், ஊட்டும் சூட்டிலேயே சோதியுங்கள். மாவுச்சத்தால் கெட்டியாக்கியதற்கு எதிர்ப் பிரச்சினையும் உண்டு. அவர் வாயில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால், எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி கால் மணி நேரத்திலேயே கூழை நீர்க்க வைத்துவிடும். கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டால் இது வராது.

‘எளிதாகச் செரிக்கும்’ என்று நாம் நம்பிக் கொடுப்பவற்றில் சில, விழுங்குவதற்கு மோசமானவை. ரசம் சாதத்தில் பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்கு ஓடிவிடும். சாம்பாரில் ஊறிய இட்லியும் டீயில் நனைத்த பிஸ்கட்டும் இதே வகை. உலர்ந்த இட்லி பொடிப்பொடியாக உதிர்ந்து வாயெல்லாம் பரவும். பருக்கை தெரியாமல் மசித்து, நீர் பிரியாமல் பிசைந்த தயிர்சாதம், வாழைப்பழ மசியல், வடிகட்டிய பருப்புக் கடைசல், ராகிக் கூழ் ஆகியவை பாதுகாப்பானவை. மோரும் இளநீரும் தண்ணீருக்குச் சமம்.

எல்லாவற்றையும் கெட்டியாக்கிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணிவிடவும் கூடாது. மறதிநோய், பார்க்கின்சன் உள்ள 515 பேரிடம், தாடையைக் குனிந்து மெல்லிய நீர்மம் குடிப்பதையும் கெட்டியாக்கிய நீர்மத்தையும் மூன்று மாதம் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2008இல் வந்தது. நிமோனியாவில் பெரிய வேறுபாடு இல்லை. தேன் அளவுக்குக் கெட்டியாகக் குடித்தவர்களுக்கு நிமோனியா வந்தபோது மருத்துவமனையில் அதிக நாட்கள் தங்க நேர்ந்தது. கெட்டியானது உள்ளே போனால் இருமி வெளியேற்றுவது கடினம். தவிர, ருசியில்லாததால் குறைவாகக் குடிப்பார்கள், உடம்பில் நீர் வற்றும், சளி இறுகும். தேவையான அளவுக்கு மட்டும் கெட்டியாக்குங்கள். ஒரு நாளில் எத்தனை மி.லி. உள்ளே போனது என்று எழுதி வையுங்கள்.

ஊட்டும்போது நின்றுகொண்டு ஊட்டாதீர்கள். நாம் நின்றால் அவர் நிமிர்ந்து பார்ப்பார், கழுத்து பின்னால் போகும். அவர் கண் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து, தட்டையான டீஸ்பூனில் பாதி, அதாவது 2 முதல் 3 மி.லி., வலுவுள்ள பக்கக் கன்னத்தில் வையுங்கள். குரல்வளை மேலே ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு, வெறும் வாயோடு இன்னொரு முறை விழுங்கச் சொல்லுங்கள். செயலிழந்த பக்கக் கன்னத்தில் உணவு பொதிந்து கிடக்கும், அவருக்கே தெரியாது. நான்கைந்து வாய்க்கு ஒருமுறை பாருங்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் ஊட்டக் கூடாது, மாத்திரை உட்பட. 30 நிமிடத்துக்கு மேல் இழுத்தால் தசை களைத்துவிடும். மிச்சத்தை இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

கட்டிலின் கோணம்

1999இல் பார்சிலோனாவில், வென்டிலேட்டரில் இருந்த 86 பேரில் ஒரு பாதியினரை 45 டிகிரி சாய்வாகவும் மறு பாதியினரை மட்டமாகவும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். நிமோனியா என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் சாய்வில் 8 சதவீதம், மட்டத்தில் 34 சதவீதம். வீட்டுக்கும் இதே இயல்பியல்தான். ஆனால் ஒரு முரண் உண்டு. 30 டிகிரிக்கு மேல் சாய்த்தே வைத்திருந்தால் உடம்பு வழுக்கி இறங்கி, தோல் இழுபட்டு, முதுகடிப் பகுதியில் படுக்கைப்புண் வரும். ஆகவே சாப்பிடும்போது 60 முதல் 90 டிகிரி, சாப்பிட்டு முடித்து 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் 45 டிகிரி, மற்ற நேரம் 30 டிகிரி. ஃபவுலர் கட்டிலில் முதலில் முட்டிப் பக்கத்தை உயர்த்திவிட்டுப் பிறகு தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், வழுக்க மாட்டார். கட்டில் 45இல் இருந்தாலும் அவர் கீழே வழுக்கி வயிறு மடங்கிக் கிடந்தால் கணக்கு பொய். வயிற்றில் உள்ளதெல்லாம் மேலே தள்ளும். சாதாரணக் கட்டிலில் சாய்வுப் பலகை வைத்தால், பலகையின் நீளத்தில் பாதி உயரம் தூக்கினால் 30 டிகிரி, பத்தில் ஏழு பங்கு தூக்கினால் 45 டிகிரி. தூங்கும்போது ஒருக்களித்த நிலையில் எச்சில் தொண்டைக்குப் போகாமல் தலையணைக்கு வழியும். வழியட்டும், அதுதான் நல்லது.

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப் நிமோனியாவைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. டியூப் எச்சிலை நிறுத்தாது. இரைப்பையின் மேல் வாயைத் திறந்தே வைத்திருப்பதால் உணவு மேலேறவும் வழி தரும். டியூப் மூக்கு நுனியில் எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்று எழுதி ஒட்டி, ஒவ்வொரு வேளையும் சரிபாருங்கள். சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி வயிற்றில் ‘புஸ்’ என்று கேட்டால் சரியான இடம் என்பது தவறான நம்பிக்கை. நுரையீரலில் கிடக்கும் டியூபிலிருந்தும் அதே சத்தம் கேட்கும். உறிஞ்சியெடுத்த நீரின் பி.ஹெச். என்ற அமில அளவு 5.5 அல்லது குறைவாக இருக்க வேண்டும். புதிதாகப் போட்ட டியூபுக்கு சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே. ஒரு வேளைக்கு 200 முதல் 250 மி.லி., பிஸ்டனால் அழுத்தாமல் தானாக இறங்கும்படி 20 முதல் 30 நிமிடத்தில் கொடுங்கள். முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். வயிறு உப்பியிருந்தாலோ ஏப்பமும் குமட்டலும் இருந்தாலோ அந்த வேளையைத் தள்ளிப்போடுங்கள்.

இன்னும் ஒன்று. மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடும் வழக்கம் சில வீடுகளில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் தொடர்கிறது. எண்ணெய் நுரையீரலில் இருமலைத் தூண்டாமல் இறங்கி, அங்கேயே தங்கி, கொழுப்பு நிமோனியா என்ற தனி நோயை உண்டாக்கும். துப்பத் தெரியாதவரிடம் எண்ணெய் கொப்பளிப்பும் அப்படியே.

எண்ண வேண்டியது மூச்சை

முதியவருக்கு 102, 103 என்று காய்ச்சல் பெரும்பாலும் ஏறாது. நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கான அமெரிக்க வழிகாட்டுதல், வாயில் ஒருமுறை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, அவருடைய வழக்கமான அளவைவிட 2 டிகிரி கூடினாலோ காய்ச்சல் என்றுதான் கொள்கிறது. அவருடைய வழக்கமான அளவு தெரிந்திருந்தால்தான் இது பயன்படும். நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில் காலை மாலை வெப்பம், மூச்சு, நாடி, ஆக்சிஜன் அளவு நான்கையும் குறித்து வையுங்கள். பிற்காலத்தில் எந்த ரத்தப் பரிசோதனையைவிடவும் அந்தத் தாள் உதவும்.

மூச்சை முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறியதற்கு நான்கு தவறும். எண்ணுவதாகச் சொல்லாதீர்கள், தூங்கும்போது போர்வை ஏறி இறங்குவதைப் பாருங்கள். நிமிடத்துக்கு 25ஐத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். 30 என்றால் மருத்துவமனை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, நெயில் பாலிஷும் கரும் மருதாணியும் இல்லாத விரலில் மாட்டி, எண் ஒரு நிமிடம் நிலைத்த பிறகே படிக்க வேண்டும். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 என்று காட்டியபோது, ரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே கிடந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். நம் தோலுக்கும் இது பொருந்தும் என்றே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். 94 என்று காட்டி, மூச்சு 28 ஓடினால், மூச்சைத்தான் நம்புவோம்.

நிமோனியா எவ்வளவு தீவிரம் என்று பார்க்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கர்ப் 65 என்ற மதிப்பெண்ணில் ஐந்து கேள்விகள் உண்டு: புதிதாக வந்த குழப்பம், ரத்த யூரியா 42 மில்லிகிராமுக்கு மேல், மூச்சு 30 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தம் மேல் எண் 90க்குக் கீழ் அல்லது கீழ் எண் 60 அல்லது அதற்கும் கீழ், வயது 65 அல்லது அதற்கு மேல். மறதிநோய் உள்ளவரிடம் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வீட்டாரால்தான் முடியும். ‘எப்போதும் இப்படித்தானா, இன்றுதான் இப்படியா’ என்பதை அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வழக்கமான மாத்திரைச் சீட்டு, கடைசியாக எப்போது வாந்தி எடுத்தார், எதைச் சாப்பிடும்போது புரையேறியது, முன்பு எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், இவையும் வேண்டும்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

வாந்தி உள்ளே போன சில மணி நேரத்தில் மூச்சு திணறி, எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் அது பெரும்பாலும் அமிலத்தால் வந்த வேக்காடு. கிருமி இன்னும் வந்திருக்காது. 1946இல் நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன், மயக்கமருந்தின்போது இப்படி நடந்த 66 பிரசவப் பெண்களைப் பற்றி எழுதியதிலிருந்து மருத்துவ உலகம் இதைப் பிரித்துப் பார்க்கிறது. பலருக்கு 48 மணி நேரத்தில் தானாகத் தெளியும். உடனே ஆன்டிபயாடிக் போடாமல் கவனிக்கிறோம் என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். அதேபோல், பக்கவாதம் வந்தவருக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டு நிமோனியாவைத் தடுக்கலாமே என்ற கேள்வியும் பல வீடுகளில் எழுகிறது. பிரிட்டனில் விழுங்க முடியாத 1,224 பேரிடமும் நெதர்லாந்தில் 2,550 பேரிடமும் செய்து பார்த்து, 2015இல் முடிவு வந்துவிட்டது. பிரிட்டனில் நிமோனியா குறையவில்லை. நெதர்லாந்தில் நோயாளிகள் தேறியதில் மாற்றம் இல்லை.

ஆன்டிபயாடிக் தொடங்கினால், நன்றாகத் தேறுபவருக்கு 5 நாள் போதும் என்பதும், சீழ்க்கட்டி இல்லாதவரை காற்றில்லாச் சூழலில் வளரும் கிருமிகளுக்கென்று தனி மருந்து சேர்க்கத் தேவையில்லை என்பதும் 2019இன் அமெரிக்க வழிகாட்டுதல். நம் ஊரில் இரண்டைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். முதலாவது காசநோய். சளி கிடைத்தால் அதற்கும் அனுப்பச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் காசநோய் தற்காலிகமாக அடங்கி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். இரண்டாவது, சர்க்கரை நோயாளிக்கு மழைக்காலத்தில் வரும் கடுமையான நிமோனியா. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. வழக்கமான மருந்துக்கு அது கட்டுப்படாது. குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசியும், பிறகு மூன்று மாதம் மாத்திரையும் தேவைப்படும். வயலில் வேலை செய்பவரா, வீட்டைச் சுற்றி வெள்ளம் நின்றதா என்று மருத்துவர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மருந்து தொடங்கி 72 மணி நேரம் கழித்தும் காய்ச்சலும் மூச்சும் இறங்கவில்லை என்றால், மருந்தை மாற்றுவதற்கு முன் நெஞ்சில் அல்ட்ராசவுண்ட் எடுத்தீர்களா என்று கேளுங்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கலாம். ஊசியால் எடுத்த நீரின் பி.ஹெச். 7.2க்குக் கீழே இருந்தாலோ சீழாக இருந்தாலோ குழாய் வைத்து வடிக்காமல் எந்த ஆன்டிபயாடிக்கும் பலிக்காது. தாமதித்தால் சீழ் அறை அறையாகப் பிரிந்து குழாய்க்கும் எட்டாமல் போகும்.

இதயத்தைப் பற்றி வீட்டாரிடம் யாரும் சொல்வதில்லை. நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்த 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, முதல் 30 நாட்களில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்று 2015இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. வீடு திரும்பிய பின் வரும் திடீர்ச் சோர்வையும் கால் வீக்கத்தையும் ஒழுங்கற்ற நாடியையும் ‘நிமோனியாவின் மிச்சம்’ என்று விட்டுவிடாதீர்கள்.

ஸ்டீராய்டு பற்றியும் கேட்பார்கள். பிரான்சில் 2023இல் முடிந்த சோதனையில், தீவிர நிமோனியா உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 200 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுத்ததில் 28 நாள் இறப்பு 11.9 சதவீதத்திலிருந்து 6.2 சதவீதமாகக் குறைந்தது. இன்ஃப்ளூயன்சா உள்ளவர்களும், அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களும் அதில் சேர்க்கப்படவில்லை. படுக்கையில் இருக்கும் நம் பெரியவர்கள் இத்தகைய சோதனைகளில் அநேகமாக இடம்பெறுவதே இல்லை. அந்த எண்ணை அப்படியே இவர்களுக்குப் பொருத்த முடியாது.

சேர்த்த முதல் 24 மணி நேரத்துக்குள் முடிந்தால் 20 நிமிடம் நாற்காலியில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தவர்கள் ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள் என்று 458 பேரைக் கொண்ட ஆய்வு காட்டியிருக்கிறது. ‘வாயால் ஒன்றும் கொடுக்காதீர்கள்’ என்ற உத்தரவையும் தினமும் மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். முன்னெச்சரிக்கையாகச் சாப்பாட்டை நிறுத்திவைத்த முதியவர்களுக்குச் சிகிச்சை நீண்டு, விழுங்கும் திறனும் குறைந்தது என்று ஜப்பானில் 2016இல் வந்த ஆய்வு சொல்கிறது. பயன்படுத்தாத தொண்டைத் தசையும் மெலியும்.

மாத்திரைச் சீட்டை ஒருமுறை முழுதாகப் பார்க்கச் சொல்வது நல்லது. தூக்க மாத்திரையும், மனக்குழப்பத்துக்குத் தரும் மருந்துகளும் இருமலையும் விழுங்குவதையும் மந்தமாக்கும். வருடக்கணக்கில் ஓடும் அசிடிட்டி மாத்திரையால் இரைப்பையில் கிருமி வளரும். மருத்துவமனை நோயாளிகளிடம் அது நிமோனியாவை 30 சதவீதம் கூட்டியதாக 2009இல் கணக்கிட்டார்கள். நீங்களாக நிறுத்தாமல், ‘இது இன்னும் தேவையா?’ என்று கேளுங்கள். தடுப்பூசியும் அதே நாளில் பேச வேண்டியதுதான்: ஆண்டுக்கு ஒருமுறை இன்ஃப்ளூயன்சா ஊசி, நிமோகாக்கஸ் ஊசி. நெதர்லாந்தில் 65 வயதைத் தாண்டிய 84,496 பேரிடம் நடந்த சோதனையில், நிமோகாக்கஸ் ஊசியில் அடங்கிய கிருமி வகைகளால் வரும் நிமோனியா 45.6 சதவீதம் குறைந்தது. எச்சில் வழி வரும் மற்ற கிருமிகளை அது தொடாது என்பதால், பிரஷுக்கு மாற்றாகாது.

மறதிநோய் முற்றிய கட்டத்தில் நிமோனியா திரும்பத் திரும்ப வரும். பாஸ்டன் பகுதியில் அப்படிப்பட்ட 323 பேரை 18 மாதம் கவனித்ததில் 41 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். இந்தக் கட்டத்தில் டியூப் போடுவதைவிடப் பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்பது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. டியூபால் ஆயுள் நீள்வதாகவோ நிமோனியா குறைவதாகவோ தெரியவில்லை. எத்தனை முறை மருத்துவமனைக்கு ஓடுவது, வென்டிலேட்டர் வேண்டுமா என்பதை அவசரப் பிரிவின் வாசலில் முடிவு செய்ய வைக்காதீர்கள். வீட்டில், அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் இருக்கும்போது, முன்பே பேசி வையுங்கள்.

கடைசி நேரத்தில் உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் விடுவது நம் வழக்கம். யாரையும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் மல்லாந்த நிலையில் கரண்டியால் ஊற்றினால் அது தொண்டையில் தேங்கி, மூச்சு களகளத்து, அவருக்குத்தான் வேதனை. தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கன்னத்தின் கீழ் துணி வைத்து, பாலில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியால் கீழுதட்டின் உள்பக்கத்தை ஒற்றினால் போதும். நாக்கில் ஈரம் படும், ருசியும் தெரியும். ஒவ்வொருவரும் ஒற்றிய பிறகு அந்தத் துணியாலேயே கன்னத்தோரம் வழிவதைத் துடைத்துவிடுங்கள்.